பட்டியலில் இல்லாத குழாய்

2004 ஆகஸ்ட் 9, பிற்பகல் 3.22. ஜப்பானின் ஃபுகுய் மாகாணத்தில் இருக்கும் மிஹாமா அணுமின் நிலையத்தின் மூன்றாவது அலகு ஓடிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 14 அன்று அதை நிறுத்திப் பராமரிப்பைத் தொடங்குவதாகத் திட்டம். நிறுத்திய பிறகு நேரம் வீணாகக் கூடாது என்று, ஒப்பந்தத் தொழிலாளர்கள் முன்கூட்டியே டர்பைன் கட்டடத்துக்குள் வந்து கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அன்று அந்தக் கட்டடத்துக்குள் நூறு பேருக்கு மேல் இருந்திருக்கிறார்கள். திடீரென்று மேலே ஓடிய ஒரு பெரிய குழாய் பிளந்தது. சுமார் 140 டிகிரி செல்சியஸ் தண்ணீர், சதுர சென்டிமீட்டருக்கு 9 கிலோவுக்கு மேலான அழுத்தத்தில் இருந்தது, வெளியே வந்ததும் ஆவியாகச் சீறியது. பதினொரு பேர் மாட்டிக்கொண்டார்கள். நான்கு பேர் அன்றே இறந்தார்கள், ஐந்தாவது ஆள் இரண்டு வாரத்துக்கு மேல் கழித்து மருத்துவமனையில் இறந்தார்.

அணுமின் நிலையம் என்றதும் மனசு கதிரியக்கத்துக்குப் போகும். இங்கே கதிரியக்கத்துக்கு வேலையே இல்லை. அது டர்பைன் பக்கத்துத் தண்ணீர், நிலக்கரி மின் நிலையத்தில் ஓடுவதும் அதே மாதிரித் தண்ணீர்தான். கண்டென்சரில் குளிர்ந்து, ஹீட்டர்களில் சூடாகி, நீரில் கலந்த காற்றைப் பிரிக்கும் டீஏரேட்டருக்குப் போகிற வழியில் இருந்த சாதாரணக் கார்பன் ஸ்டீல் குழாய் அது. வெளிவிட்டம் 560 மில்லிமீட்டர், போட்டபோது சுவரின் கனம் 10 மி.மீ. விபத்துக்குப் பிறகு அளந்தபோது மிக மெலிந்த இடத்தில் 0.4 மி.மீ. தான் மிச்சம் இருந்தது. 4.7 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது என்பது விதி.

நான் மின் நிலையங்களில் குழாய்களின் கனம் அளக்கும் வேலை பார்க்கிறவன். ஓவர்ஹால் சமயத்தில், அதாவது நிலையத்தை நிறுத்திப் பெரிய பராமரிப்பு நடக்கும்போது, சாரம் கட்டி, இன்சுலேஷனைப் பிரித்து, குழாயில் சாக்பீஸால் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஜெல் தடவி, ஒலி அலையின் எதிரொலியை வைத்துக் கனம் சொல்லும் அல்ட்ராசோனிக் புரோபை வைப்போம். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல, கீழே ஒரு தம்பி நோட்டில் எழுதுவான். கிளாஸ்வூல் அரிப்பு இரண்டு நாளைக்குப் போகாது. மிஹாமா பற்றி முதலில் படித்தபோது என்னை உறுத்தியது 0.4 என்ற எண் இல்லை. அந்த இடத்தை 1976-இல் நிலையம் ஓடத் தொடங்கியதிலிருந்து ஒரு தடவைகூட யாரும் அளக்கவில்லை என்பதுதான். 1,85,700 மணி நேரம் ஓடியிருக்கிறது. அளக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் அந்த இடமே இல்லை.

சரி, தண்ணீர் இரும்பை எப்படித் தின்கிறது? பலரும் நினைப்பது போல இது மணல் உரசுகிற மாதிரியான தேய்மானம் கிடையாது. அந்தக் குழாயில் ஓடிய தண்ணீரின் சராசரி வேகம் வினாடிக்கு 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மண்ணோ தூசியோ இல்லாத, குடிநீரைவிடப் பல மடங்கு சுத்தமான தண்ணீர். அது இரும்பைச் சுரண்டவில்லை, கரைத்தது.

ஆக்ஸிஜன் இல்லாத வெந்நீரில் கார்பன் ஸ்டீல் இருந்தால் அதன் மேல் கறுப்பாக ஒரு மெல்லிய படலம் உருவாகும். மேக்னடைட் என்பார்கள், இரும்பின் ஆக்ஸைடு. அந்தப் படலம்தான் அடியில் இருக்கும் இரும்பைக் காப்பாற்றுகிறது. ஆனால் மேக்னடைட் தண்ணீரில் மிக மிகக் கொஞ்சமாகக் கரையும். அசையாத தண்ணீராக இருந்தால் படலத்தை ஒட்டிய நீரடுக்கில் இரும்பு அயனிகள் நிரம்பிவிடும், அதற்கு மேல் கரைய இடமில்லாமல் எல்லாம் அப்படியே நின்றுவிடும். டம்ளர் அடியில் போட்ட சர்க்கரை கலக்காமல் விட்டால் கிடப்பதும், ஸ்பூனால் கலக்கினால் கரைவதும் போலத்தான். ஓடுகிற நீர் அந்த நிரம்பிய அடுக்கை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, புதுத் தண்ணீர் வருகிறது, படலம் மறுபடி கரைகிறது. கரைந்த இடத்தை நிரப்ப அடியிலிருக்கும் இரும்பு இன்னும் கொஞ்சம் ஆக்ஸைடாக மாறுகிறது. படலம் எப்போதும் இருக்கும், மெல்லிசாக. அதன் அடியில் சுவர் குறைந்துகொண்டே போகும். இதைத்தான் ஓட்டம் முடுக்கும் அரிமானம் என்கிறார்கள். சைட்டில் எல்லாரும் சுருக்கமாக எஃப்ஏசி என்போம்.

அதனால் நேராக ஓடும் குழாயைவிட, நீர் சுழிக்கிற இடங்களில்தான் தொல்லை. எல்போ என்கிற வளைவு, டீ என்கிற கிளைச் சந்திப்பு, கன்ட்ரோல் வால்வுக்குப் பின்பக்கம், ஓரிஃபிஸுக்குப் பின்பக்கம். ஓரிஃபிஸ் என்பது ஓட்டத்தை அளக்கக் குழாய்க்குள் வைக்கும் துளையுள்ள தட்டு. அந்தத் துளை வழியாக நீர் பீய்ச்சி வெளியே வந்து, சுவரை ஒட்டிச் சுழல்கிறது. மிஹாமாவில் பிளந்தது அப்படி ஒரு ஓரிஃபிஸுக்குச் சற்றுப் பின்னால்தான்.

அடுத்தது வெப்பநிலை. சூடு கூடக் கூட அரிமானமும் கூடும் என்றுதான் யாரும் நினைப்போம். எஃப்ஏசி அப்படி நடப்பதில்லை. குளிர்ந்த நீரில் வேதிவினை மெதுவாக நடக்கும். மிகச் சூடான நீரில் படலம் கெட்டியாகிக் கரைவது குறையும். நடுவில் ஒரு உச்சம் உண்டு. நீர் மட்டும் ஓடும் குழாயில் அது ஏறக்குறைய 130-லிருந்து 150 டிகிரி வரை. நீரும் ஆவியும் கலந்து ஓடினால் இன்னும் மேலே, 180 பக்கம். மிஹாமா குழாயின் 140 டிகிரி அந்த உச்சத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. மின் நிலையத்தின் மிகச் சூடான, மிக அழுத்தமான இடத்தைத்தான் எல்லாரும் பயந்து பார்ப்பார்கள். மெயின் ஸ்டீம் லைனுக்கு இருக்கிற மரியாதை 140 டிகிரி தண்ணீர்க் குழாய்க்குக் கிடையாது.

தண்ணீரின் வேதியியலில்தான் எனக்கு மிகப் பிடித்த முரண் இருக்கிறது. பாய்லருக்குள் ஆக்ஸிஜன் போகக் கூடாது, துருப் பிடிக்கும் என்று பல தலைமுறை இன்ஜினியர்கள் படித்து வந்தார்கள். டீஏரேட்டரில் காற்றைப் பிரித்து, மிச்சம் இருப்பதை ஹைட்ரசின் என்ற வேதிப்பொருளைப் போட்டு விழுங்கவைத்தார்கள். நூறு கோடியில் ஐந்து பங்குக்கும் கீழே ஆக்ஸிஜன் என்றால் கெமிஸ்ட் நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் எஃப்ஏசிக்கு மிகவும் பிடித்த தண்ணீரே அதுதான். நீரில் கொஞ்சம் ஆக்ஸிஜன் இருந்தால், நூறு கோடியில் சில பத்துப் பங்கு இருந்தாலும், மேக்னடைட்டின் துளைகளை இன்னும் ஆக்ஸிஜன் ஏறிய, கிட்டத்தட்டக் கரையாத சிவப்பு ஆக்ஸைடு அடைத்துவிடும். ஜெர்மனியில் 1970-களிலேயே இதைப் புரிந்துகொண்டு, சில நிலையங்களில் வேண்டுமென்றே ஆக்ஸிஜனைத் தண்ணீரில் விட ஆரம்பித்தார்கள். கொதிநீர் வகை அணு உலைகளில் உள்ளே போகும் ஃபீட்வாட்டரில் ஆக்ஸிஜனைச் சேர்ப்பது இன்று வழக்கமான நடைமுறை. மிஹாமா வகை உலைகளில் அது அவ்வளவு சுலபம் இல்லை. உலையின் சூட்டால் இந்தத் தண்ணீரை ஆவியாக்கும் ஆவி ஜெனரேட்டரின் மெல்லிய குழாய்களைக் காப்பாற்ற ஆக்ஸிஜனைத் தள்ளி வைத்தாக வேண்டும். ஒன்றைக் காப்பாற்றப் போட்ட மருந்து இன்னொன்றைக் கரைக்கிறது.

பிஎச் அளவும் முக்கியம். அம்மோனியாவோ அமீனோ போட்டு 9.2-க்கு மேல், முடிந்தால் 9.6 பக்கம் கொண்டுபோனால் கரைவது நன்றாகக் குறையும். ஆனால் ஹீட்டர்களில் தாமிரக் கலவைக் குழாய் இருந்தால் அவ்வளவு அம்மோனியா தாங்காது. இதற்கு மேல் இந்தப் பாதையில் போகவில்லை, போனால் கட்டுரை கெமிஸ்ட்டுகளின் சண்டையாக மாறிவிடும்.

இரும்பில் ஒரு விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். குரோமியம். இரும்பில் 0.1 சதவீதம் குரோமியம் இருந்தாலே எஃப்ஏசி வெகுவாகக் குறைந்துவிடும். இரண்டேகால் சதவீதக் குரோமியம் உள்ள பி22 வகைக் குழாய் போட்டால் இந்தத் தொல்லை நடைமுறையில் இல்லை என்றே சொல்லலாம். வேடிக்கை என்னவென்றால், சாதாரணக் கார்பன் ஸ்டீல் குழாயின் தரக் குறிப்பில் குரோமியத்துக்கு உச்ச வரம்பு உண்டே தவிர, குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும் என்று எதுவும் இல்லை. ஒரே தரக் குறிப்பு, ஒரே கடை, ஒரே மாதிரி முத்திரை, ஒரு எல்போவில் 0.02, இன்னொன்றில் 0.12 இருக்கலாம். பழைய இரும்பை உருக்கிச் செய்த குழாயில் தற்செயலாகக் குரோமியம் கலந்திருக்கும். நன்றாகச் சுத்திகரித்த எஃகில் இருக்காது. முப்பது வருடம் கழித்து ஒன்று ஏன் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் இருப்பது ஏன் மெலிந்துபோனது என்று யோசித்து மண்டை காய்வதற்குக் காரணம் பல சமயம் இதுதான்.

இன்னொரு குறும்பும் உண்டு. மெலிந்த எல்போவை வெட்டி எடுத்துவிட்டுக் குரோமியம் உள்ள எல்போ போடுகிறோம். அந்த எல்போ கரையாது. அதனால் அதைக் கடந்து வரும் தண்ணீரில் சுவரை ஒட்டி இரும்பே இல்லை, பசியோடு இருக்கிறது. வெல்டைத் தாண்டி அடுத்து வரும் பழைய கார்பன் ஸ்டீல் குழாயின் வாயிலேயே கடிக்கிறது. எல்போவை மாற்றியதும் "இது முடிந்தது" என்று பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறவர்கள், அடுத்த அரை மீட்டரை அளக்காமல் விடுவார்கள்.

மிஹாமாவுக்கு முன்னாலேயே உலகத்துக்கு ஒரு பெரிய எச்சரிக்கை கிடைத்திருந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம், சர்ரி அணுமின் நிலையம், 1986 டிசம்பர் 9. இரண்டாவது அலகு திடீரென்று டிரிப் ஆனது, அதாவது தானாக நின்றது. கொஞ்ச நேரத்தில் மெயின் ஃபீட் பம்புக்கு நீர் இழுக்கும் குழாயில் இருந்த 18 அங்குல எல்போ பிளந்தது. எட்டுப் பேருக்குத் தீக்காயம், அவர்களில் நான்கு பேர் இறந்தார்கள். அரை அங்குலம் இருந்த சுவர் சில இடங்களில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்திருந்தது. கொட்டிய நீரும் ஆவியும் தீயணைப்பு அமைப்பைத் தானாக இயக்கிவிட்டன, ஹாலன் வாயுவும் கார்பன் டை ஆக்ஸைடும் வெளியேறின, கார்டு போட்டுத் திறக்கும் கதவும் மாட்டிக்கொண்டது. ஒரு குழாய்தான் உடைந்தது, ஆனால் அதோடு நிற்கவில்லை.

சர்ரிக்கு முன்பு ஈர ஆவி ஓடும் லைன்களை அமெரிக்க நிலையங்கள் அளந்துகொண்டுதான் இருந்தன. நீர் மட்டும் ஓடும் குழாய்களில் இப்படி நடக்கும் என்பது ஐரோப்பிய ஆராய்ச்சிக்கூடங்களுக்குத் தெரிந்திருந்தும், நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் அங்கே புரோபை வைக்கவில்லை. சர்ரிக்குப் பிறகு அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிலையங்களிலும் கேட்டுப் பார்த்தபோது, பல இடங்களில் அதே கதை தெரியவந்தது. 1989-இல் ஒவ்வொரு நிலையமும் நிரந்தரமான கண்காணிப்புத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். கணிப்பு மென்பொருட்கள் வந்தன. பிரான்ஸும் ஜெர்மனியும் தங்களுக்கென்று வைத்திருந்தன. வெப்பநிலை, வேகம், பிஎச், குரோமியம், வளைவின் வடிவம் எல்லாவற்றையும் கொடுத்தால் எங்கே மெலியும் என்று சொல்லும். நல்ல கருவிகள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மென்பொருளுக்குள் ஒரு குழாயை முதலில் யாராவது எழுத வேண்டும்.

மிஹாமாவில் சறுக்கியது அங்கேதான். ஜப்பானில் 1990-இல் இப்படிப்பட்ட குழாய்களை அளப்பதற்கு வழிகாட்டி இருந்தது. ஓரிஃபிஸுக்குப் பின்பக்கம் அளக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. அதை வைத்து நிலையத்துக்கான பட்டியலை மிட்சுபிஷி கனரகத் தொழில் நிறுவனம் தயாரித்தபோது இந்த ஒரு இடம் விடுபட்டது. 1996-இல் பட்டியல் கன்சாய் மின்நிறுவனத்தின் துணை நிறுவனத்தின் கைக்கு மாறியது, விடுபட்டதும் கூடவே போனது. 2003-இல் ஒருவழியாகக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஓவர்ஹாலில் அளந்துகொள்ளலாம் என்று குறித்துவைத்தார்கள். அந்த ஓவர்ஹால்தான் 2004 ஆகஸ்ட் 14 அன்று தொடங்கவிருந்தது.

நான் படித்த அறிக்கைகளில் இந்த இடம் ஒரு பத்தியில் முடிந்துவிடும். என்னைப் போன்றவர்களுக்கு முடியாது. "அடுத்த ஷட்டவுனில் பார்த்துக்கலாம்" என்பது எங்கள் தொழிலில் தினமும் கேட்கும் வார்த்தை. தொண்ணூற்றொன்பது தடவை அது சரியான முடிவுதான். எல்லாக் குழாயையும் எல்லா வருஷமும் அளக்க ஆளும் கிடையாது, சாரமும் கிடையாது. ஆனால் ஒருபோதும் அளக்காத இடத்தைத் தள்ளிப்போடுவதும், சென்ற முறை 8.9 வந்த இடத்தைத் தள்ளிப்போடுவதும் ஒன்று அல்ல. முதலாவதில் கையில் எண்ணே இல்லை.

கையில் எண் இருந்தாலும் அது ஏமாற்றும். பத்து மில்லிமீட்டர் என்று முத்திரை அடித்த குழாய் மில்லிலிருந்து வரும்போதே எட்டே முக்காலாக இருக்கலாம், எட்டில் ஒரு பங்கு குறையலாம் என்று தரக் குறிப்பே அனுமதிக்கிறது. எல்போவின் உள்வளைவு கனமாகவும் வெளிவளைவு மெல்லிசாகவும் இருக்கும். அதனால் இன்று 8.7 காட்டினால் அது தேய்ந்ததா, பிறவியிலேயே அப்படியா என்று ஒரே அளவில் சொல்ல முடியாது. இன்னொரு சிக்கல், சுவர் ஒரு மில்லிமீட்டர் பக்கம் போய்விட்டால் சில சாதாரண புரோபுகள் முதல் எதிரொலியை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்து இருமடங்காகக் காட்டும். அதாவது மிக ஆபத்தான இடம் கொஞ்சம் பரவாயில்லை என்று தெரியும். கட்டத்தில் சுற்றிலும் ஆறு, ஐந்தரை, ஐந்து என்று இறங்கிக்கொண்டே வந்து நடுவில் திடீரென்று ஒரு எண் ஏறினால், சந்தோஷப்படாமல் திரையில் அலை வடிவத்தைப் பாருங்கள் என்று புதுப் பையன்களிடம் சொல்வேன்.

இந்த அரிமானம் சொட்டுப் போட்டு எச்சரிக்காது என்பதும் தெரிய வேண்டும். குழி அரிமானம் என்றால் ஊசித்துளை விழும், ஒழுகும், யாராவது பார்ப்பார்கள். எஃப்ஏசி ஒரு பெரிய பரப்பையே ஒன்றாக மெலியவைக்கும். மிஹாமா குழாய்க்கு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுவர் 10 மி.மீ. இருந்தபோது அந்த அழுத்தம் உலோகத்தில் ஏற்படுத்திய இழுவிசை சுமார் 26 மெகாபாஸ்கல், ஒன்றுமே இல்லை. 0.4 மி.மீ. ஆனபோது அதே அழுத்தத்தில் 650. அந்த எஃகு அறுந்துபோகும் வலிமையே 400 சொச்சம்தான். சுற்றியிருந்த கொஞ்சம் தடித்த பகுதி தாங்கிப்பிடித்திருந்தது, அது முடியாமல் போன கணத்தில் பாளமாகத் திறந்துகொண்டது. 140 டிகிரி நீர் ஒரு கிலோ வெளியே வந்தால் அதில் 75 கிராம் உடனே ஆவியாகும். கேட்கச் சின்னதாக இருக்கிறது. அந்த 75 கிராம் 125 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். கொட்டியது நூற்றுக்கணக்கான டன்.

நம் பக்கத்திலும் இதன் உறவுக்காரன் உண்டு. கல்பாக்கம் போன்ற கனநீர் உலைகளில் ஒவ்வொரு எரிபொருள் வாய்க்காலுக்கும் தனித்தனியாகக் குளிர்விப்பு நீர் கொண்டுபோகும் ஃபீடர் குழாய்கள் கார்பன் ஸ்டீல்தான். உலையிலிருந்து வெளியேறும் நீர் 300 டிகிரி பக்கம் இருந்தாலும், வேகம் மிக அதிகம், வளைவுகள் நெருக்கம், நீரில் இரும்பு குறைவு. 1990-களின் நடுவில் கனடாவின் பாயின்ட் லெப்ரோ நிலையத்தில் இந்த ஃபீடர்கள் மெலிவதைக் கண்டுபிடித்தார்கள். கல்பாக்கத்தின் முதல் அலகில் 2000-களில் ஃபீடர்களை மொத்தமாக மாற்றினார்கள். 306 வாய்க்கால்கள், ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு குழாய், வெளியே ஒரு குழாய், அதுவும் கதிரியக்கம் உள்ள இடத்தில். இப்படிப்பட்ட இடங்களுக்குப் புதிதாகப் போடும் எஃகில் குரோமியம் குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும் என்று இப்போது எழுதுகிறார்கள். முன்பு கவனிக்காமல் விட்ட ஒரு வரி.

கேஸ் டர்பைன் நிலையங்களில் வெப்ப மீட்பு பாய்லரின் குறைந்த அழுத்தப் பகுதி சுமார் 150 டிகிரியில் ஓடும். மறுபடி அதே உச்சம். அங்கே குழாய்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும், புரோபை நீட்டவே இடம் இருக்காது. சோலார் மின்சாரம் பகலில் நிறைய வருவதால் இந்த நிலையங்களும் நிலக்கரி நிலையங்களும் இப்போது காலையில் இறங்கி மாலையில் ஏறுகின்றன. லோடு இறங்கினால் ஒவ்வொரு ஹீட்டரிலும் வெப்பநிலை நகரும். முழு லோடில் 190-இல் ஓடிய எல்போ பாதி லோடில் 150-க்கு வந்து நிற்கலாம். முழு லோடுக்குப் போட்ட கணிப்பை வைத்துக்கொண்டு அளக்கும் இடங்களைத் தேர்ந்தெடுத்தால், அந்த எல்போ பட்டியலில் வராது.

நான் கடைசியாக வேலை பார்த்த நிலையத்தின் கெமிஸ்ட் வயதில் மூத்தவர். டீ குடிக்கும்போது கேட்டேன், "சார், ஹைட்ரசினை நிறுத்தினால் பாதித் தொல்லை போய்விடுமே?" அவர் கோபப்படவில்லை. "நிறுத்தலாம் தம்பி. ஆனா லோ பிரஷர் ஹீட்டர்ல இன்னும் தாமிரக் குழாய் இருக்கு. ஆக்ஸிஜன் ஏறினா தாமிரம் கரைஞ்சு போய் டர்பைன் பிளேடுல படியும். அதுக்குப் பதில் யார் சொல்றது?" என்றார். அந்த ஹீட்டர்களை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்க்கு மாற்ற அவர் எழுதிய கோப்பு பட்ஜெட்டுக்காகக் காத்திருக்கிறது. அதுவரை ஹைட்ரசின் போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். நாங்கள் டீஏரேட்டருக்கு முன்னால் இருக்கும் ஓரிஃபிஸுகளின் பின்பக்கத்தையும், மாற்றிய எல்போக்களின் அடுத்த அரை மீட்டரையும் இந்த வருஷப் பட்டியலில் சேர்த்திருக்கிறோம். பழைய பட்டியலை நகலெடுக்காமல், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு லைனாக நடந்து எழுதிய பட்டியல் அது. பாதி லோடு வெப்பநிலைகளைக் கேட்டு எழுதியிருக்கிறேன். ஆபரேஷன் பிரிவிலிருந்து பதில் வந்தால் இன்னும் சில எல்போக்கள் அதில் ஏறும்.